தண்டனை முடிந்து ஊர் திரும்புகிறார். பிள்ளைகளை எப்படிக் காப்பது?

சென்ற இதழுக்குப் பின் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. பாலியல் குற்றம் செய்தவர்கள் மறுபடியும் அதையே செய்யாமல் சிகிச்சையாலும் சட்டத்தாலும் தடுக்க முடியுமா என்று நான்கு பேரும் வெவ்வேறு இடத்தில் நின்று கேட்கிறார்கள். நெல்லைச் சீமையில் இருபத்தாறு ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து, சிறையிலிருந்து வெளியே வந்தவர்களையும் அவர்களால் துன்பப்பட்ட குடும்பங்களையும் ஒருசேரப் பார்த்தவன் நான். ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் இந்த நான்கு கடிதங்களுக்கே ஒதுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வளவில் ஒன்பது வீடுகள். நான்காவது வீட்டுக்காரரின் தம்பி, எட்டு வயதுப் பெண்பிள்ளையிடம் தவறாக நடந்ததற்காகப் போக்சோ சட்டத்தில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றுப் பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார். வருகிற ஆவணியில் விடுதலையாகி ஊருக்கே வருகிறார். தண்டனையை அனுபவித்துவிட்டார், பழையதைக் கிளற வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இளவட்டங்களோ அவர் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரை விட்டே விரட்ட வேண்டும் என்கிறார்கள். என் மகள் திருப்பூரில் இருக்கிறாள். பேத்திகள் இருவரும் விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் எங்களிடம்தான் வருவார்கள். இப்படிப்பட்டவர்கள் திருந்துவார்களா? சிறையில் சிகிச்சை ஏதும் கொடுப்பார்களா? எந்தச் சட்டம் எங்களைக் காக்கும்?
(ஒரு பாட்டி, அம்பாசமுத்திரம் வட்டம்)

பதில்: அம்மா, ஒருவர் மனத்தளவில் திருந்திவிட்டாரா என்று அளந்து பார்க்க மனிதரிடம் கருவி கிடையாது. மறுபடியும் செய்தாரா என்பதை மட்டும் ஓரளவு எண்ணிப் பார்க்கலாம். கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாரிஸ், கார்ல் ஹான்சன் என்ற இரு ஆய்வாளர்கள், பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற 4,724 பேரைப் பதிவேடுகளின் வழியே பின்தொடர்ந்து 2004ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி ஐந்தாண்டுக்குள் 100 பேரில் 14 பேர் மறுபடியும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டார்கள். பதினைந்து ஆண்டில் அது 24 ஆனது. தம் குடும்பத்துப் பிள்ளைகளிடம் தவறு செய்தவர்களில் இந்தப் பதினைந்தாண்டுக் கணக்கு 13தான். வெளியார் வீட்டு ஆண்பிள்ளைகளைக் குறிவைத்தவர்களில் 35. பிடிபடாதவர்கள் எல்லாரும் செய்யாதவர்கள் என்று கொள்ள முடியாது. பிள்ளைகள் வாய்திறக்காத குற்றங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. என்றாலும், ஒருமுறை செய்தவன் எப்படியும் மறுபடி செய்வான் என்று தெருவில் பேசிக்கொள்வதை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை. வெளியே வந்த முதல் சில ஆண்டுகளில்தான் ஆபத்து மிகுதி என்பதையும் இதே ஹான்சன் குழு 2014இல் காட்டியது. மிகுந்த ஆபத்துள்ளவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களில்கூட, முதல் ஐந்தாண்டில் 100க்கு 22 ஆக இருந்த அளவு, பத்தாண்டுகள் குற்றமின்றிக் கழித்தவர்களிடம் 4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே உங்கள் வளவு விழிப்பாக இருக்க வேண்டிய காலம் இந்த ஆவணியில்தான் தொடங்குகிறது.

எதை வைத்து ஆபத்தை மதிப்பிடுவது என்பதில் நம் ஊர்கள் பெரிதும் ஏமாந்து போகின்றன. ஹான்சனும் அவருடன் பணிபுரிந்த ஒருவரும் 2005இல் 82 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகள் மீதே நிலைத்துவிட்ட பாலியல் நாட்டமும், எந்தக் கட்டுக்கும் அடங்காத வாழ்க்கை முறையும்தான் மறுகுற்றத்தை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அறிகுறிகளாக நின்றன. அழுவது, காலில் விழுவது, "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்று மறுப்பது ஆகியவற்றுக்கும் மறுபடி செய்வதற்கும் சொல்லத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. மாலை போட்டு விரதம் இருந்தான், கோயிலில் உருண்டான், ஆகவே திருந்திவிட்டான் என்று பெரியவர்கள் சொன்னால் அவர்கள் மனத்தை மதியுங்கள். ஆனால் பேத்திகளின் பாதுகாப்பை அதன்மேல் வைத்துவிடாதீர்கள்.

இதை ஏட்டில் படிப்பதற்கு முன்பே ஒரு பெண்மணி எனக்குப் புரியவைத்தார். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், ஒரு கைதியின் பரோல் மனுவுக்காக விசாரிக்கப் போயிருந்தேன். பிள்ளையார் கோயில் திண்ணையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் "நல்ல பையன் சார், ஏதோ கெட்ட நேரம்" என்றார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நடையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் இலையை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் எழுந்தபோது, கீழே பார்த்தபடியே, "நீங்க எழுதிட்டுப் போயிருவிய சார், நாங்கல்லா இங்க கெடக்கணும்" என்றார். அவர்தான் அந்தக் கைதியால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய் என்பது எனக்குப் பேருந்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாள் திரும்பிப் போய், திண்ணையை விட்டுவிட்டு, வீடு வீடாகப் பெண்களிடம் விசாரித்தேன். அன்று தொடங்கி ஓய்வு பெறும் வரையில் எந்த விசாரணையையும் நான் திண்ணையில் முடித்ததில்லை.

இனிச் சிகிச்சை. ஜெர்மனியின் ஷ்முக்கர், லோசல் என்ற இருவர், சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தரமாக ஒப்பிட்ட 29 ஒப்பீடுகளை மட்டும் பொறுக்கியெடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைக் கூட்டினார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 10.1 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 13.7 விழுக்காட்டினரும் மறுபடி பிடிபட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மூன்று நான்கு பேர்தான் வித்தியாசம் என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். அந்த மூன்று நான்கு பேரால் சீரழியாமல் தப்பிய பிள்ளைகளை எண்ணினால் எனக்கு அது சிறிய கணக்காகப் படவில்லை.

ஆனால் சிகிச்சை என்ற பெயரில் எதைச் செய்தாலும் பலன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பல ஆண்டுகள் பெரும் நம்பிக்கையோடு நடத்தப்பட்ட குழுச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசே ஆராய்ந்தது. சிகிச்சை பெற்ற 2,562 பேரில் 10 விழுக்காட்டினர் மறுபடியும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிடப்பட்ட, சிகிச்சை பெறாத 13,219 பேரில் 8 விழுக்காட்டினர்தான். உதவவில்லை என்பதோடு, சற்றுக் கெடுத்தும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். 2017இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். குற்றவாளிகள் பலரை ஒரே அறையில் வட்டமாக உட்காரவைத்துத் தத்தம் குற்றத்தை விவரிக்கச் சொன்னால், "நம்மைப் போலவே இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்ற ஆறுதல்தான் மிஞ்சும் என்று ஐயப்பட்டார்கள். அனுபவத்தில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மாறாக, தேர்ந்த உளவியலாளர் நேரடியாகத் தொடர்ந்து நடத்திய சிகிச்சைகளில் பலன் கூடுதலாக இருந்தது என்று தெரசா கேனன் குழுவினரின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆபத்து மிகுந்தவருக்கு மிகுதியாகவும் குறைந்தவருக்குக் குறைவாகவும் கொடுப்பது, குடி, வேலையின்மை, தனிமை, "குழந்தைக்கு என்ன தெரியும், சும்மா கொஞ்சினேன்" என்ற தன்சமாதானம் ஆகிய உண்மையான காரணங்களைத் தொடுவது, வெளியே வந்த பின்னும் தொடர்வது என்பவையே பலன் தந்த சிகிச்சைகளின் பொதுத்தன்மை.

அப்படி ஒரு மாற்றத்தை நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விடுதலையான ஒருவருக்கு அவருடைய மாமா ஒரு சைக்கிள் கடையில் வேலை பிடித்துக் கொடுத்தார். கடை இருந்தது தொடக்கப் பள்ளிக்கு அடுத்த கட்டடம். மூன்றாம் நாள் அவரே என்னிடம் வந்து, அந்த வேலை வேண்டாம், செங்கல் சூளையில் சொல்லிவிடுங்கள் என்றார். கூலி குறைவு, வெயில் வேலை. அதன்பின் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் ஊருக்குள் வராமல், வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்குப் போவார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு மருத்துவர் மாதம் ஒருமுறை அவரோடு பேசி, எந்த நேரம், எந்த இடம், எந்த மனநிலை தனக்கு ஆபத்து என்று அவரையே ஒரு நோட்டில் எழுதவைத்திருந்தார். தன்னைத் திருந்தியவர் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நம் சிறைகளின் வழக்கமான நடைமுறையில் பாலியல் குற்றவாளிகளுக்கென்றே வகுத்த சிகிச்சைத் திட்டம் இல்லாததால், இப்படி யாரோ ஒரு மருத்துவர் மனம்வைத்தால்தான் உண்டு என்பதே இன்றைய நிலை. ஐந்தாண்டுகள் ஒருவரைச் சுவருக்குள் வைத்திருக்கும் அரசு அந்தக் காலத்தை இப்படி வீணாக்குவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இளவட்டங்கள் சொல்லும் வழிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1994இல் ஒரு சிறுமி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1996இல் மேகன் சட்டம் என்ற பெயரில், இப்படிப்பட்டவர்களின் முகவரியை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் முறை வந்தது. அதன் விளைவை ஆராய்ந்த பிரெஸ்காட், ராக்காஃப் இருவரும் 2011இல் சொன்னது இதுதான்: முகவரியைக் காவல் துறையிடம் பதிந்து வைப்பது குற்றத்தைக் குறைக்கிறது, ஊரறிய அறிவிப்பதோ, வேலையும் வீடும் உறவும் இழந்து இழப்பதற்கு எதுவுமில்லாதவர்களாக ஆக்கி, மறுகுற்றத்தைக் கூட்டவும் கூடும். மயாமி பகுதியில் பள்ளியிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று விதித்தபோது, போக இடமின்றிப் பல பேர் கடற்பாலம் ஒன்றின் அடியில் குடியேறினார்கள்; அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வீட்டார்கூட இல்லாமல் போனது. மினசோட்டா மாநிலத்தில் மறுகுற்றம் செய்த 224 பேரை ஒவ்வொருவராக ஆராய்ந்தபோது, குடியிருப்புத் தடை இருந்திருந்தால் நடக்காமல் போயிருக்கும் என்று ஒரு குற்றத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. இந்தியாவில் 2018 செப்டம்பரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளுடன் தொடங்கிய, பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் காவல் துறையின் பயன்பாட்டுக்கு மட்டுமே. அப்படி வைத்தது சரியே.

இதற்கும் மேலாக, உங்கள் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்பது வீட்டு வளவில் அவர் படத்தைப் போட்டால், அந்தப் பெண்பிள்ளை யார் என்பதையும் சேர்த்தே போட்டதாகும். அவள் இப்போது பதின்மூன்று பதினான்கு வயதில் இருப்பாள். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி குற்றம்.

சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் வலுவான கருவி, பலரும் கவனிக்காத 19ஆவது பிரிவு. குற்றம் நடந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டுமல்லாமல், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அவர் மிட்டாய் வாங்கிக்கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார், செல்போன் காட்டித் தனியே கூப்பிடுகிறார் என்று கண்டால், எதுவும் நடக்கும் வரையில் காத்திருக்க வேண்டாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். குழந்தைகளோடு வழக்கமாகப் புழங்கும் பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் ஆகியவற்றில் வேலைக்குச் சேர்க்கப்படுவோரைக் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. ஊரில் டியூஷன் சென்டர், கபடிப் பயிற்சி என்று அவர் நுழைந்தால் இதைச் சுட்டிக்காட்டலாம். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மறுபடி செய்தால் அது கூடுதல் தண்டனைக்குரிய குற்றமாகிறது என்பதை அவருடைய அண்ணனுக்கும் தெரியப்படுத்துங்கள்.

விரட்டாமலும் கண்டுகொள்ளாமல் விடாமலும் நடுவே ஒரு வழி உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994இல், ஊரே அஞ்சிய ஒருவர் விடுதலையானபோது, ஒரு தேவாலயப் போதகர் சிலரைச் சேர்த்துக்கொண்டு நாள்தோறும் அவரைப் போய்ப் பார்ப்பது என்று தொடங்கினார். வேலை தேட உதவுவார்கள், "நேற்று ஏன் பூங்காப் பக்கம் போனீர்?" என்று முகத்துக்கு நேரே கேட்கவும் செய்வார்கள். பின்னர் "வட்டம்" என்று பெயர் பெற்ற அப்படிப்பட்ட குழுக்களின் பார்வையில் இருந்த 44 பேரை, வட்டம் இல்லாத 44 பேரோடு ஒப்பிட்டபோது மறுகுற்றம் 83 விழுக்காடு குறைவாக இருந்தது. எண்ணிக்கை சிறிது என்பதால் இதையே முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் மினசோட்டாவில் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வும் இதே திசையில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அவருடைய அண்ணன், ஒரு ஆசிரியர், சங்கத்துப் பெண் ஒருவர் என்று நான்கு பேர் இதை ஏற்றுக்கொள்ள முடியும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் குடும்பத்தை அதில் சேர்க்காதீர்கள். அவர்கள் சம்மதம் கேட்காமல் தொடங்கவும் செய்யாதீர்கள்.

பேத்திகளைப் பொறுத்தவரை ஒரு சொல். இந்தியாவில் பதிவாகும் வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் செய்தவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவரே. நியூயார்க் மாநிலக் கணக்கு ஒன்றில் பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு அதற்கு முன் அப்படியொரு தண்டனையே கிடையாது. நான்காவது வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கொடை இரவில் வில்லுப்பாட்டு கேட்டபடி பிள்ளைகள் எங்கே தூங்கிப்போகிறார்கள், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவர யாரைத் தனியே அனுப்புகிறோம் என்று பாருங்கள். "யார் தொட்டாலும் ஆச்சியிடம் சொல்லலாம், ஆச்சி ஏச மாட்டாள்" என்று பேத்திகளிடம் நீங்களே சொல்லிவையுங்கள்.

கேள்வி: இரசாயன முறையில் ஆண்மை நீக்கம் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே?
(கல்லூரி மாணவர், தென்காசி)

பதில்: 2015இல் நீதிபதி கிருபாகரன் ஒரு வழக்கில் மத்திய அரசுக்கு அப்படி ஒரு யோசனையைக் கூறியது உண்மை. அதற்கு முன்பே, 2013 ஜனவரியில் அறிக்கை தந்த, பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு இந்த வழியை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது.

"ஆண்மை நீக்கம்" என்ற சொல்லே ஏதோ நிரந்தரமாக வெட்டியெறிவது போலத் தோன்றச் செய்கிறது. 1996இல் கலிஃபோர்னியா சட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட மருந்து, நம் அரசு மருத்துவமனைகளில் "அந்தரா" என்ற பெயரில் பெண்களுக்குக் கருத்தடைக்காகப் போடும் அதே ஊசிமருந்துதான். அளவு மட்டும் பன்மடங்கு. ஆண் ஹார்மோனைக் குறைத்து வேட்கையைத் தணிக்கும். ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும். நெடுங்காலம் போட்டால் எலும்பு தேயும், உடல் பருக்கும்.

யாருக்கு இது பயன்படும்? அடக்க முடியாத வேட்கையால் தாமே அலைக்கழிந்து, உதவி கேட்டு வருகிறவர்களுக்குப் பயன்படுகிறது. ஸ்வீடனில் தாமாக முன்வந்த 52 ஆண்களைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் வேறொரு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். இரண்டே வாரத்தில் மருந்து பெற்றவர்களின் ஆபத்து அளவு தெளிவாக இறங்கியது. ஆனால் அதிகாரத்தைக் காட்டவும், பழிவாங்கவும், குடிவெறியிலும், கேட்க ஆளில்லை என்ற துணிச்சலிலும் செய்கிறவர்களுக்கு ஹார்மோன் ஒரு காரணமே இல்லை. அவர்கள் கையாலும் பொருளாலும் மிரட்டலாலும் செய்யும் கொடுமையை எந்த ஊசியும் நிறுத்தாது. ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில், ஒப்புதலோடு, உளவியல் சிகிச்சைக்குத் துணையாகத் தருவதை நான் ஆதரிக்கிறேன். தண்டனையாகப் போடுவதை ஆதரிக்கவில்லை.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனை 2005இல் தொடங்கிய திட்டம், பிள்ளைகள் மீது நாட்டம் இருந்தும் இன்னும் எதுவும் செய்யாத, செய்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்களை விளம்பரம் செய்து அழைத்தது. அப்படி ஓர் அச்சத்தோடு இந்தப் பக்கத்தை யாராவது படித்துக்கொண்டிருந்தால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். எண்ணம் வருவது குற்றம் ஆகாது. பிள்ளைகளோடு தனியே இருப்பதை மட்டும் இன்றிலிருந்தே தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. நாத்தனாரின் ஆறு வயது மகளிடம் அவன் தகாத முறையில் நடந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன். என் கணவர் அவனை அடித்துப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளியே தெரிந்தால் இரண்டு குடும்பமும் அழிந்துவிடும். இவன் வளர்ந்து பெரிய குற்றவாளி ஆகிவிடுவானா? இரவில் தூக்கம் இல்லை.
(ஒரு தாய், நாங்குநேரி வட்டம்)

பதில்: தங்கச்சி, பார்த்ததைப் பார்க்காதது போல இருந்துவிடாமல் எழுதினீர்களே, அதுவே பெரிய காரியம். உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். இப்படிப்பட்ட 33,783 சிறுவர்களைப் பற்றிய 106 ஆய்வுத் தொகுதிகளைச் சேர்த்து மைக்கேல் கால்டுவெல் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ ஐந்தாண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 100க்கு 5 பேர். 2000க்குப் பிறகான ஆய்வுகளில் 3 பேருக்கும் குறைவு. பதினைந்து வயதுப் பையன் சின்ன உருவில் உள்ள பெரிய குற்றவாளி அல்லன். சரியான கைகளில் ஒப்படைத்தால் அவன் மாறுவதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

அந்தக் கைகள் பெரியப்பாவின் கைகள் அல்ல. அந்த வீட்டிலும் சிறு பிள்ளைகள் இருக்கக்கூடும். அங்கே யாருக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்காது. அடி வாங்கியவன் கற்றுக்கொள்வது, அடுத்த முறை கண்ணில் படாமல் செய்வதைத்தான். அமெரிக்காவில் போர்டுவின் குழுவினர் 48 சிறுவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தாய் தந்தை, பள்ளி, கூட்டாளிகள் என்று எல்லாரையும் சேர்த்துக்கொண்ட குடும்பச் சிகிச்சை கொடுத்தார்கள். சுமார் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது மறுபடி பாலியல் குற்றம் செய்தவர்கள் அந்தப் பிரிவில் 8 விழுக்காடு. வழக்கமான ஆலோசனை பெற்ற மற்றப் பிரிவில் 46. பையனைத் தனியே சரிசெய்ய முடியாது, வீடும் சேர்ந்து மாற வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்களை நான் பார்த்ததில்லை.

இனிக் கடினமான பகுதி. அந்த ஆறு வயதுப் பிள்ளையை உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவளுக்கு மருத்துவரும், பேசுவதற்கு ஆளும், "உன்மேல் தப்பில்லை" என்ற சொல்லும் உடனே வேண்டும். நாத்தனாரிடம் சொல்லாமல் அது நடக்காது. இதைத் தெரிவிப்பது சட்டப்படியும் கட்டாயம். உங்கள் கடிதத்தில் முகவரி இருந்திருந்தால் தெரிவிக்கும் கடமை எனக்கும் இருந்திருக்கும். பதினைந்து வயதுச் சிறுவனை எந்த நிலையிலும் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியாது. இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். அறிவுரை, ஆற்றுப்படுத்தல், நன்னடத்தைக் கண்காணிப்பு என்று உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. பிற்காலத்தில் படிப்புக்கோ வேலைக்கோ இது தகுதிக்குறைவாக ஆகாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பாளையங்கோட்டைக்கு வந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசுங்கள். வெளியே வர முடியாவிட்டால் 1098ஐ அழையுங்கள். மகனைப் பெரியப்பா வீட்டிலிருந்து நாளையே அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூக்குத் தண்டனை, குண்டர் சட்டம் என்று கடுமையாக்கினால் பயம் வரும் அல்லவா? பள்ளியில் பெற்றோர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
(ஆசிரியர், சங்கரன்கோவில்)

பதில்: கடுமை ஏற்கெனவே வந்துவிட்டது ஐயா. 2014இலேயே தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். அதன்படி ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அந்த ஓராண்டுக்கு ஊர் நிம்மதியாக இருக்கும். அடுத்த ஆண்டுக்கு அதில் எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியை வன்புணர்ந்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று 2018இல் வந்தது. 2019இல் போக்சோ சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் குற்றம் செய்யத் துணிகிறவன் தண்டனைப் பட்டியலைப் படித்துக் கணக்குப் போடுவதில்லை. பிடிபடுவேனா, இந்தப் பிள்ளை வெளியே சொல்லுமா என்றுதான் பார்க்கிறான். நாடு முழுவதிலும் விசாரணை முடியும் வன்புணர்வு வழக்குகளில் தண்டனையில் முடிபவை நான்கில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கின்றன. செய்தவர் சித்தப்பாவோ மாமாவோ ஆக இருக்கும்போது, தூக்கு என்ற சொல்லைக் கேட்டதும் புகார் கொடுக்க வந்த தாய் திரும்பிப் போவதையும் நான் கண்டிருக்கிறேன்.

வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு நீதிமன்ற வராந்தாவில் நான் பார்த்த பிள்ளைக்கு வழக்குத் தொடங்கும்போது ஒன்பது வயது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாட்டியோடு காலை ஏழு மணிப் பேருந்தில் வருவாள். பச்சை மூடி போட்ட தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். பத்தடி தள்ளி, ஜாமீனில் வந்த அந்த ஆள் நின்று டீ குடிப்பார். மதியம் ஆனதும் தள்ளிவைத்ததாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவளைக் கூண்டருகே கூப்பிட்டபோது பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் "ஞாபகம் இல்லை" என்றாள். அந்த ஆள் விடுதலையானார். அவருக்குச் சிகிச்சையும் இல்லை, கண்காணிப்பும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் பெயரும் இல்லை. மறுகுற்றம் பற்றி மேலே நான் சொன்ன ஒரு கணக்கிலும் அவர் வரமாட்டார்.

உங்கள் பெற்றோர் கூட்டத்தில் தூக்கைப் பற்றிப் பேச்சு வந்தால், உங்கள் பள்ளிப் பிள்ளை யாருக்காவது இப்படி ஒரு வழக்கு நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். விசாரணைக் காலம் முழுவதும் குழந்தையோடு இருக்கத் துணைநபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க விதிகளில் இடமுண்டு, கேட்டுப் பெறுங்கள். வாய்தா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களும் அந்த ஏழு மணிப் பேருந்தில் ஏறுங்கள்.